நான் எழுதிய மன்னிப்பு

மதன்குமார் செய்யாத திருட்டுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதியவன் நான்தான். சென்னையில் முப்பத்திரண்டு வருடம் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன். அங்கே மெமோ வந்தால் தப்பு செய்தோமா இல்லையா என்று யாரும் யோசிப்பதில்லை. உருக்கமாக ஒரு கடிதம் கொடுத்தால் மேலதிகாரி மனம் குளிர்ந்து ஃபைலை மூடிவிடுவார். ஓய்வுபெற்று, வெளிநாட்டில் மாசி என்ற புறநகரில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்தபோது அந்தப் புத்தியையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன்.

மதன்குமார் எங்கள் பக்கத்துவீடு. நகரின் இன்னொரு கோடியில், ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் ஷிப்ட் சூப்பர்வைசர். அவனுடைய பாஸ்வேர்டில் மரத்தட்டுகளில் அடுக்கிய பதினோரு பேலட் செல்போன் வெளியே போயிருந்தது. அந்தப் பாஸ்வேர்டைத் துண்டுக் காகிதத்தில் எழுதி கம்ப்யூட்டர்மேலேயே ஒட்டிவைத்திருந்தான். ஷிப்டில் இருந்த அத்தனை பேரும் அதைத்தான் போட்டார்கள்.

வழக்கு ஒன்றரை வருடம் இழுத்தது. வேலை போயிற்று. மனைவி மஹதி இரண்டாவது குழந்தையைச் சுமந்துகொண்டு நிறைமாதத்தில் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனாள். அவன் தினமும் என் எதிரில் வந்து உட்கார்ந்து ஒன்றையே சொல்வான்.

"நான் எடுக்கல சார். ஆனா என் பாஸ்வேர்டு. நான்தானே பொறுப்பு."

கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. "ஒத்துக்கிட்டு ஒரு லெட்டர் கொடுத்துடுப்பா. முடிஞ்சிடும்" என்றேன். பாவி, நான்தான் சொன்னேன்.

அவனுடைய வக்கீல் ஒத்துக்கொள்ள வேண்டாம் என்றாராம். இவன் கேட்காமல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். கடிதம் நான் எழுதினேன், அவன் கையெழுத்துப் போட்டான். 'பேராசை என் கண்ணை மறைத்தது' என்று ஒரு வரி. 'ஒவ்வொரு பெட்டி வெளியேறியபோதும் என் மனசாட்சி என்னைச் சுட்டது' என்று இன்னொன்று. ஆங்கிலத்தில் இன்னும் அழகாக இருந்தது. நீதிபதி அதைப் பாராட்டி மூன்று மாதம் குறைத்தார். மிச்சம் இரண்டு வருடம் நான்கு மாதம் ஜெயில். வெளியே வந்ததும் நாடுகடத்தலாம் என்று இமிக்ரேஷன் நோட்டீஸ் வேறு.

அப்பீலுக்கு அஞ்சேஷ்னி என்ற ஃபிஜி இந்திய வக்கீல் வந்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டதைத் திரும்பப் பெறுவது லேசில்லை என்றார். எதிர்த்தரப்பின் பெரிய ஆயுதமே என் கடிதம்தானாம். அது யாருடைய வார்த்தைகள் என்று நான் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். என் மகன் முகம் சுளித்தான். மானம் போகும் என்றான். போகட்டும் என்று கோர்ட்டில் ஏறி நின்றேன்.

அரசு வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார். "அப்படியானால், மனசாட்சி சுட்டதாக அவர் சொல்லவே இல்லையா?"

"இல்லை. நானாக எழுதினேன்."

"நடக்காத ஒன்றை நீதிபதிக்கு எழுதினீர்களா?"

"எங்கள் ஊரில் அப்படித்தான் எழுதுவோம்" என்றேன். நீதிபதிகள் மூன்று பேரும் குனிந்து குறித்துக்கொண்டார்கள்.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அப்பீல் தள்ளுபடி. இவ்வளவு உணர்ந்து எழுதப்பட்ட கடிதத்தில் உண்மை இல்லாமலே ஒருவர் கையெழுத்திட்டார் என்பதை நம்பமுடியவில்லை என்றிருந்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே என் வாயால் இன்னொருவன் கெட்டான்.

ஞாயிறு காலை ஜெயிலிலிருந்து போன் செய்தான். பத்து நிமிடம்தான் பேசலாம். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சார், நாடுகடத்த வேண்டாம்னு இமிக்ரேஷன் டிரிப்யூனலுக்கு ஒரு லெட்டர் போகணுமாம். நீங்களே எழுதிடுங்க. எனக்கு வார்த்தை வராது."

எனக்கு வெட்கமாக இருந்தது. மேஜையில் காகிதத்தை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

"நீ சொல்லுப்பா. நீ சொல்றத மட்டும் எழுதுறேன்."

அவனுக்குப் பின்னால் யாரோ கதவை அடித்துச் சாத்தினார்கள்.

"நான் எடுக்கல. ரொம்ப டயர்டா இருந்தேன், அதான் ஒத்துக்கிட்டேன். சின்னவ என்னை இன்னும் அப்பான்னு கூப்பிட்டதில்ல. அவ்வளவுதான் சார்."

அவ்வளவையும் எழுதினேன். பழைய கை சும்மா இருக்குமா? 'மாண்புமிகு' என்று தொடங்க அரித்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

"வாசிங்க சார்" என்றான்.

வாசித்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"இதை அன்னிக்கே எழுதியிருக்கலாம்ல" என்றான்.