போர்டில் எழுபது

ஏழு என்று எழுதிய தகட்டைக் கையில் எடுத்த வேணி, அதை மாட்டாமல் திரும்பவும் பிஸ்கட் டப்பாவுக்குள்ளேயே போட்டு மூடினாள்.

திருச்சி மத்திய பஸ் நிலையத்துக்கு எதிரே, வெளிநாட்டுப் பணம் மாற்றித் தரும் மார்ட்டினின் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. பக்கத்துக் கடைகளிலெல்லாம் சிவப்பு விளக்கில் எண்கள் ஓடுகின்றன. மார்ட்டின் மட்டும் அவன் அப்பா வைத்த தகரப் போர்டை விடவில்லை. சிங்கப்பூர் டாலருக்கு நேராகப் புள்ளிக்கு முன்னால் இரண்டு ஆணி, பின்னால் இரண்டு ஆணி. காலையில் விலை வந்ததும் தகடுகளை மாட்டுவது வேணியின் வேலை. பஸ் வேகமாகத் திரும்பினால் காற்றில் தகடு புரண்டு, ஒன்றும் எழுதாத வெள்ளை முதுகைக் காட்டும். உடனே எழுந்துபோய்த் திருப்பிவிட வேண்டும். "நம்பரு தெரியலன்னா எவன் நம்பி உள்ள வருவான்?" என்பான் மார்ட்டின்.

இன்று அவன் பேங்குக்குப் போயிருந்தான். டாலருக்குக் கடை கொடுக்கும் விலை எழுபது ரூபாய் பத்துக் காசு என்று போனில் வந்து அரை மணி நேரமாகிறது. போர்டில் நேற்றைய அறுபத்தொன்பது தொண்ணூறே தொங்கிக்கொண்டிருந்தது.

வேணியின் புருஷன் சரவணன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் வெல்டர். போகும்போது டாலர் நாற்பத்தெட்டு. "அம்பது ஆகட்டும், வந்துடுறேன்" என்று விமான நிலைய வாசலில் சொன்னான். ஐம்பது ஆனபோது உறையூரில் வாங்கிய மனைக்குக் கடன் மிச்சமிருந்தது. அறுபது ஆனபோது, கொரோனாவில் போனதைப் பிடிக்க வேண்டும் என்றான். டாலர் ஏறும்போதெல்லாம் இங்கே சிமெண்டும் ஏறியது, மகளின் ஸ்கூல் பீஸும் ஏறியது. மனையில் கருவேல முள் மட்டும் தானாக வளர்ந்தது. ரூபாய் வரலாறு காணாத சரிவு என்று டிவியில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு படிக்கிற நாட்களில், ஸ்ரீரங்கத்து வாடகை வீட்டில் வேணி மட்டும் உள்ளுக்குள் சந்தோஷப்படுவாள். ஊருக்கே நஷ்டம் வந்தால்தான் தன் புருஷன் வீடு வந்து சேருவான் என்பது என்ன பிழைப்பு என்று பிறகு தன்மேலேயே கசப்பாக இருக்கும்.

போன முறை லீவில் வந்தவன் இதே கடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து போர்டைக் காட்டினான். "உன் கையாலயே எழுபதுன்னு மாட்டு வேணி. அன்னிக்கே டிக்கெட் போட்டுடுறேன். ஒரேயடியா." அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் தொந்தரவு. பொய் என்றால் என்றைக்கோ சண்டை போட்டு முடித்திருக்கலாம்.

அன்றிலிருந்து டாலர் காசு காசாக ஏறுவதைத் தன் கையாலேயே மாட்டி வந்திருக்கிறாள். இன்று டப்பாவைத் திறந்தபோதுதான் பயம் வந்தது. மாட்டினால் அவனிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அவன் பதில் சொல்வான். மாட்டாதவரை அவன் வரப்போகிறவன்.

தொட்டியத்திலிருந்து மாதாமாதம் வரும் வெள்ளையம்மாள் படியேறி வந்தாள். மகன் யார் கையிலாவது கொடுத்தனுப்பும் டாலரை மாற்றிப் போகிற வாடிக்கைக்காரி. மஞ்சள் பையை மேஜையில் வைத்துவிட்டுப் போர்டைப் பார்த்தாள்.

"ஏம்மா, எழுபது தாண்டிடுச்சுன்னு எம் மவன் காலங்காத்தால போன் பண்ணிச் சொன்னான். நீ அறுபத்தொம்போதுன்னு தொங்க விட்டிருக்க?"

"இன்னும் மாத்தலைங்கம்மா."

"அதெப்படி? எறங்குனா மட்டும் ஓடிப்போயி மாத்துறீங்க. வாழத்தாரு யாவாரிகூட இப்புடித்தான். ஏறுன வெலை மட்டும் அவன் காதுல வுழாது."

பின்னால் நின்ற இருவர் சிரித்தார்கள். வேணி எழுந்தாள். ஆறைக் கழற்றி ஏழை மாட்டினாள். ஒன்பதைக் கழற்றிப் பூஜ்ஜியத்தை மாட்டினாள். புள்ளிக்குப் பின்னால் பத்து. வெள்ளையம்மாள் எண்ணிப் பார்த்து ரூபாயை இடுப்பில் செருகிக்கொண்டு, "இந்த டாலரு இன்னும் நல்லா ஏறட்டும் ஆத்தா" என்று வாழ்த்திவிட்டுப் போனாள்.

மதியம் கூட்டம் குறைந்ததும் வேணி போர்டைப் படம் எடுத்துச் சரவணனுக்கு அனுப்பினாள். நீலக் குறி விழுந்தது. வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு அவளே கூப்பிட்டாள்.

"பார்த்தீங்களா?"

"ம்."

அந்தப் பக்கம் இரும்பை அரைக்கும் சத்தம். அவன் நகர்ந்து எங்கோ ஒதுங்குவது தெரிந்தது. சத்தம் குறைந்தது.

"வாங்குற ரேட்டா, விக்கிற ரேட்டா?" என்றான்.

"வாங்குறதுதான்."

"ஒரு நாள் ஏறும், மறுநாள் எறங்கிடும். ஒரு வாரம் நிக்குதான்னு பாரு."

"நின்னா?"

மௌனம். இத்தனை வருடத்தில் அவர்கள் பேசியதைவிட இப்படி இருந்ததுதான் அதிகம். அதில் எது யோசனை, எது தயக்கம் என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியும். இது இரண்டுமில்லை. இரவு கண்ணைத் திறந்தபடி படுத்திருக்கிறவனின் மூச்சு மாதிரி இருந்தது.

"இங்க எல்லாரும் எண்பதுக்குப் போகும்கிறாங்க வேணி. இப்பப் போயி விட்டுட்டு வந்தா..."

"யாருங்க அந்த எல்லாரும்?"

"ரூம்ல இருக்கிறவங்கதான்."

"அவங்கள்ல யாராச்சும் ஊருக்குத் திரும்பினாங்களா?"

அந்தப் பக்கம் இரும்புச் சத்தம் மறுபடி தொடங்கியது.

"எண்பதுக்கு அப்புறம் தொண்ணூறு இருக்குங்க. நூறு வரைக்கும் போயிடாதீங்க. நூறுன்னு மாட்ட எங்க போர்டுல ஆணி இல்ல."

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. "அங்க வந்து நான் என்னடி பண்ணுவேன்?" என்றான் மெதுவாக. ஐம்பதிலும் அறுபதிலும் அவன் சொல்லாத பதில் அது. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். "சாப்பிட்டேன்" என்றான். போனை வைத்துவிட்டாள்.

வெளியே ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ் ஹாரனை அழுத்தியபடி வளைந்து திரும்பியது. காற்றில் போர்டு கிணுகிணுத்தது. ஏழு புரண்டு வெள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் பூஜ்ஜியம் ஆடிக்கொண்டிருந்தது.

பேங்கிலிருந்து திரும்பிய மார்ட்டின் உள்ளறையிலிருந்து குரல் கொடுத்தான். "வேணி, தகடு திரும்பிக் கெடக்கு பாரு."

"பார்த்தேண்ணே" என்றாள் அவள், நாற்காலியிலிருந்து எழாமல்.

அடுத்த பஸ் வந்தது. வெள்ளைத் தகடு ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் வெள்ளையாகவே நின்றது.