ரெண்டு பேருக்கு

"ஃபேன நிறுத்துங்க, கண்ணு காஞ்சிடும்" என்றான் செல்வகுமார், காதில் வைத்த போனை எடுக்காமலே. யாரோ சுவிட்சைத் தட்டினார்கள். அவன் குனிந்து, அம்மா தையல்நாயகியின் மூடிய இமைகள்மேல் ஈரப் பஞ்சை வைத்தான்.

தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தாண்டவராயனுக்குப் பார்வை கிடையாது. ஃபேன் ஓய்ந்தது மட்டும் கேட்டது.

"யாருக்குடா போனு?"

"கண் வங்கிக்குப்பா. விழுப்புரத்துலருந்து வர்றாங்க. அம்மா எழுதிக் குடுத்திருக்குது இல்ல."

காலை எட்டு மணிக்கு விதைக் கடலைக்காக மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்தபடி அப்படியே சாய்ந்தாள். கூட்டேரிப்பட்டிலிருந்து ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. செத்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் எல்லாரும் அவள் கண்ணைப் பற்றியே பேசுகிறார்கள். தாண்டவராயனுக்கு எரிச்சலாக வந்தது. அது புது எரிச்சல் இல்லை. அதற்கு ஒன்பது வயது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் திண்டிவனத்துக் கண் முகாமில் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே நாளில் புரை எடுத்தார்கள். மறுநாள் கட்டுப் பிரித்ததும் தையல்நாயகி சிரித்தாள். "ஏங்க, இவ்ளோ கருத்துப்போயிட்டீங்களா?" என்றாள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் புகைக்குள் ஏற்றிய விளக்கு மாதிரி ஒரு மங்கல். அதுவும் ஒரு வருஷத்தில் அணைந்துபோனது. புரை நல்லபடியாகத்தான் எடுத்திருக்கிறது, கண் அழுத்தத்தில் நரம்பு ஏற்கெனவே செத்துவிட்டது, இரண்டு வருஷம் முந்தி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். இரண்டு வருஷம் முந்தியே தையல்நாயகி கூப்பிட்டாள். "மல்லாட்ட புடுங்குற நேரத்துல கண்ணு ஒரு கேடா" என்று விரட்டியவர் இவர்தான். அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் சண்டை போட்டாவது ஆற்றிக்கொண்டிருப்பார்.

அவளோ எழுத்துக் கூட்டிப் பேப்பர் படித்தாள். அறுபது வயதில் ஊசியில் நூல் கோத்தாள். தெருவில் போகிறவள் கட்டியிருப்பது மாம்பழக் கலரா எலுமிச்சைக் கலரா என்று மருமகளோடு வாதாடிச் சிரித்தாள். கேட்கக் கேட்க இவருக்கு வயிறு எரியும். ஒரு மத்தியானம் கட்டிலில் துழாவி, அவள் படிக்கிற கண்ணாடியைக் கண்டுபிடித்து அதன்மேல் உட்கார்ந்தார். நொறுங்கிய சத்தம் கேட்டு அவள் வந்தாள். வந்தவளின் காலடி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது. தன்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று இவருக்குத் தெரிந்தது. "நான்தான் கண்ட எடத்துல வெச்சிட்டேன்" என்று சொல்லித் துண்டுகளைப் பொறுக்கினாள். அப்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியாது. யாரிடம் கேட்பது?

பத்தரைக்கு வண்டி வந்து நின்றது. மருந்து வாசனையோடு ஒரு பெண் பக்கத்தில் வந்தாள்.

"அய்யா, என் பேரு லூர்துமேரி. அம்மாவோட கருவிழிய மட்டுந்தான் எடுப்போம். மொகம் மாறாதுங்க. இருவது நிமிஷம் ஆவும். நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்."

"யாருக்கு வெப்பீங்க?"

"ரெண்டு பேருக்குங்க. யாருன்னு சொல்லக்கூடாது."

"ரெண்டு பேருக்கா?"

எங்கேயோ முகம் தெரியாத இரண்டு பேர் கட்டுப் பிரித்துக்கொண்டு சிரிப்பதுபோல் அவருக்குத் தோன்றியது. கூடவே கிடந்தவனுக்கு இல்லை, எவனோ எவளோ பார்க்கப் போகிறார்கள்.

"போட மாட்டேன். எனக்கு வெக்கிறதா இருந்தா எடுங்க."

கூடத்தில் அழுகை சட்டென்று நின்றது. "யப்பா..." என்றான் செல்வகுமார், தாழ்ந்த குரலில்.

லூர்துமேரி அவர் எதிரே குந்தினாள். அவள் விரல் அவர் இமையைத் தூக்கிப் பிடித்தது. டார்ச்சின் சொடுக்குச் சத்தம் கேட்டது. பிறகு அடுத்த கண்.

"ஒங்களுக்குக் கருவிழி ரெண்டும் நல்லாத்தாங்க இருக்குது. பின்னாடி நரம்புதான் போயிடுச்சி. நரம்ப மாத்த முடியாது. அம்மாவுத வெச்சாலும் ஒங்களுக்குத் தெரியாதுங்க."

"நல்லா இருக்குதுன்னா?"

"தெளிவா இருக்குங்க. ஒங்க காலத்துக்கு அப்புறம் நீங்களும் குடுக்கலாம்."

"என்னுதயா? குருட்டுக் கண்ணையா?"

"ஆமாங்க. வாங்கிக்கிறவங்களுக்கு நரம்பு நல்லா இருந்தா ஒங்க கருவிழியால பாத்துடுவாங்க."

"அவுளுது மாதிரியே?"

"அதே மாதிரிதாங்க."

தாண்டவராயன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக அவளுக்குச் சமமாகத் தன்னிடமும் ஒன்று இருக்கிறது. அதை உடனே அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாய் முந்தியது. "ஏ தையலு..." என்று அவள் பக்கம் திரும்பியவர் பாதியில் நிறுத்தினார். வெளியே பந்தல்காரர்கள் மூங்கிலை இறக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எங்கடா போடணும்?" என்றார், மகன் பக்கம் கையை நீட்டி.

செல்வகுமார் அவர் விரலைப் பிடித்துக் காகிதத்தின்மேல் வைத்தான்.

புடவையைத் திரையாகக் கட்டினார்கள். அவரை வெளியே கூப்பிட்டபோது வரமாட்டேன் என்றார். திரைக்கு இந்தப் பக்கம் கைகளை முழங்கால்மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். உள்ளே ஏதோ கருவி தட்டில் வைக்கப்படும் ஓசை இரண்டு மூன்று முறை கேட்டது. பிறகு பெட்டி மூடப்பட்டது, திரையை அவிழ்த்தார்கள். லூர்துமேரி ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிட்டுப் போனாள். வண்டி தெருமுனை திரும்பி, நெடுஞ்சாலை இரைச்சலில் கலக்கும்வரை காது கொடுத்திருந்தார்.

"சித்ரா பேசுதுப்பா" என்று செல்வகுமார் போனை அவர் காதில் வைத்தான். கண்டமங்கலத்தில் கட்டிக்கொடுத்த மகள்.

"யப்பா, விழுப்புரம் தாண்டிட்டோம். கண்ண எடுத்துட்டாங்களாமே? அம்மா மொகம் எப்படிப்பா இருக்குது?"

அவர் கையை நீட்டினார். நெற்றி குளிர்ந்திருந்தது. புருவத்தில் இறங்கிய விரல் ஓர் இமையைத் தொட்டது, பிறகு மற்றதை. இரண்டும் மூடியிருந்தன.

"நல்லாத்தான் இருக்காம்மா. நீங்க மெதுவாவே வாங்க."

அவள் மூக்குத்தி சற்றுக் கோணியிருந்தது. அதை இரண்டு விரலால் பிடித்து நேராக்கினார்.