எந்தச் சூட்டையும் தாங்கும் கல்

உஷாந்தி தன் அம்மாவிடம் சொன்னது பொய்யில்லை, பாதி உண்மை. படித்ததுகள் வீட்டில் இருப்பவர்களோடு கதைக்கும்போது அப்படித்தான். மிச்சப் பாதியைச் சொல்ல அவர்களுக்குப் பஞ்சி, ஒரு சோம்பல்.

வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் தாயும் மகளும் மட்டும்தான் குடியிருந்தார்கள். மகளுக்கு முப்பத்திரண்டு வயது. ஆறு வருடமாக ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்பதுதான், தாய் ஜெகதீஸ்வரி அவளுடைய ஆராய்ச்சியைப் பற்றி அறிந்திருந்தது.

அது தோண்டி எடுத்த கல் இல்லை. லந்தனம் என்ற அருமண் உலோகத்தையும் நையோபியத்தையும் ஒட்சைட்டாகச் சேர்த்து உருக்கி, அந்தக் குழம்பிலிருந்து மணிக்கு ஒரு மில்லிமீற்றர் வீதம் மேலே இழுத்து வளர்த்த பளிங்கு. நியோடிமியம் கொஞ்சம் கலந்ததால் மெல்லிய ஊதா நிறம். ஜப்பானில் ஒரு வருடம் நின்று ஒன்பது வளர்த்தாள். எட்டு வெடித்தன. உருக்குவதில் கரைச்சல் இல்லை, ஆற வைப்பதில்தான் சனியன் பிடித்த வேலை. ஐந்நூறு டிகிரிக்குக் கிட்ட வரும்போது அதன் உள்ளமைப்பே ஒரு பக்கம் சரிந்து மாறும். ஏறும்போதோ இறங்கும்போதோ அந்த இடத்தை அவசரமாகக் கடந்தால் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். பிறகு கல் பால்போல வெளுத்துவிடும். உலைக்குப் பக்கத்தில் நின்று எட்டுத் தரம் அந்தச் சத்தத்தைக் கேட்டவள் அவள். கடைசியை மட்டும் பதினொரு நாள் ஆற வைத்தாள். அது பிழைத்தது. அங்குள்ள பேராசிரியர் ஓய்வுபெற, அந்த உலையையும் கழற்றிவிட்டார்கள். இனி வேறு கல் கிடையாது.

அந்தக் கல்லுக்குள் வெப்பம் எந்தத் திசையில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை அளக்க வேண்டும். இரண்டு திசை முடிந்துவிட்டது. மூன்றாவதுக்குத் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மெஷினில் நேரம் கிடைத்திருந்தது. மாத முடிவோடு தீசிஸ் கொடுக்கும் தவணை முடிகிறது, அதுவும் மூன்றாவது தவணை. அந்த ஓர் எண் இல்லாவிட்டால் ஆறு வருடமும் குப்பைதான். வெள்ளிக்கிழமை, லாபில் விட மனமில்லாமல், விரல்நகம் அளவான அந்தக் கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து, அலுமாரியில் அம்மாவின் சேலைகளுக்கு அடியில், நகைப் பெட்டியோடு வைத்தாள். வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் இல்லை.

இதில் அப்படி என்ன இருக்கிறது என்று தாய் ஒருநாள் கேட்டிருந்தாள். உஷாந்தி லப்டொப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எந்தச் சூட்டையும் தாங்கும், அம்மா. ஆயிரத்து அறுநூறு டிகிரியிலயும் உருகாது." ஜெகதீஸ்வரி இதைக் கீழ்வீட்டுப் பெண் பஸ்லாவிலிருந்து மரக்கறிக்காரன் வரைக்கும் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

சனிக்கிழமை மகள் அறையைப் பூட்டிக்கொண்டு எழுதினாள். தாய் நூற்றைம்பத்தைந்தாம் இலக்க பஸ் ஏறி, ஜிந்துப்பிட்டிக் கோயிலடிச் சாத்திரியாரிடம் மகளின் சாதகக் குறிப்பை மறுபடி கொண்டுபோனாள். மகள் சாப்பிடாமல் நித்திரை கொள்ளாமல் தேய்வதை எந்தத் தாய் பார்த்துக்கொண்டிருப்பாள்? ஏழரைச் சனி நடக்குது, ஊதாக் கல் போட வேண்டும் என்று அவர் போன கிழமையே சொல்லியிருந்தார். வீட்டிலேயே ஊதாக் கல் இருக்கும்போது கடைக்கு ஏன் போவான் என்று நினைத்து, அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் அன்றைக்குப் புறப்பட்டிருந்தாள். சாத்திரியார் கல்லைப் பார்த்துத் தலையாட்டினார்.

பின்னேரம் ஆறு மணிக்கு வந்து, கதவைத் தட்டி, மகளின் கையைப் பிடித்து மோதிரத்தைப் போட்டுவிட்டாள். அது தாயின் பழைய மோதிரம்.

உஷாந்தி கையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். கல் பால்போல வெளுத்திருந்தது. குறுக்கே முடிபோல இரண்டு கோடு.

"எங்க குடுத்துச் செய்தனீங்கள்?"

கோயிலடியில் நகை செய்யும் பழனிமுத்துப் பத்தரிடம் என்றாள் தாய். கல்லைப் பதித்த பிறகுதான் மோதிரம் பெரிசு என்று கண்டார்களாம். வெட்டி, நெருப்பை ஊதி, ஒட்டிச் சின்னதாக்க வேண்டியிருந்ததாம்.

"கல்லைக் கழட்டிப்போட்டுத்தான் ஒட்டோணும் எண்டவர் பத்தர். நான்தான் விடேல்ல. என்ர பிள்ளை செய்த கல்லு, எந்தச் சூட்டையும் தாங்கும் எண்டு சொன்னனான்."

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் உஷாந்தி கேட்டாள்.

"சத்தம் ஏதும் கேட்டதோ?"

"ஓம், சின்னதா 'டிக்' எண்டு. பத்தர் பயந்துபோனார். நான் சிரிச்சனான்."

தாயோடு கோபிக்க ஒரு காரணம் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. ஐந்நூறு டிகிரி என்ற ஒரு சொல்லை அன்றைக்குச் சேர்த்துச் சொல்ல எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? அந்த நேரத்தைத் தாய்க்குக் கொடுக்காதவள் அவள்தான். குந்தியிருந்து ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது. அதுவும் வரவில்லை.

"உள்ளுக்க வெள்ளி மாதிரி மின்னுது, பார்," என்றாள் தாய். "திங்கட்கிழமை போகேக்க இதைப் போட்டுக்கொண்டு போ பிள்ளை. எல்லாம் சரிவரும்."

"ஓம், அம்மா."

மோதிரம் விரலுக்கு அளவாக இருந்தது.