ஒத்திகை மணி

பதினேழாவது திராட்சையின் தோலை உரித்துக்கொண்டிருந்தபோது பின்னால் மாமனார் இருமினார். எல்விரா கத்தியை வாஷ்பேசின் விளிம்பில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

எலாடியோ கட்டிலில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். எச்சில் புரையேறியிருந்தது. ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினார். கண்களில் நீர் முட்டி நின்றது.

"தாடையைக் கீழ வச்சு விழுங்கணும்னு டாக்டர் சொன்னாங்கல்ல மாமா."

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லும்மா. பக்கத்து ரூம்ல இருக்கிறவனுக்கும் கேக்கட்டும்."

பக்கத்து அறையில் அவருடைய மகன் ஃபெர்மின், பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் மாட்டப் போராடிக்கொண்டிருந்தான். மூன்று வயது தாரியோ கையை நுழைக்க மாட்டேன் என்று அலறினான். எட்டு வயதாகப் போகும் ஹிமேனா, தான் பெரியவள், தன்னை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாட்ரிட்டுக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் விடுதிக்காரி இரண்டு முறை கதவைத் தட்டிவிட்டாள்.

அக்டோபரில் எலாடியோவுக்கு லேசாகப் பக்கவாதம் வந்து போயிற்று. நாலாம் நாள் நடந்தார், அடுத்த வாரம் சீட்டாடப் போனார். ஊர் முழுக்க அவர் பிழைத்துவிட்டதாகப் பேசியது. தொண்டை மட்டும் பிழைக்கவில்லை. தண்ணீரைக்கூடப் பொடி கலந்து கெட்டியாக்கித்தான் தர வேண்டும், உருண்டையாக எதையும் முழுசாக விழுங்கக்கூடாது என்று டாக்டர் சொன்னார். அப்போது உடன் இருந்தது எல்விரா மட்டும். ஃபெர்மினுக்கு அன்று மாவு மில்லில் பகல் ஷிஃப்ட்.

திரும்பி வரும் பஸ்ஸில் எலாடியோ அவளிடம் ஒரு வரம் கேட்டார். அப்படித்தான் கேட்டார், மருமகளிடம் கேட்கிற மாதிரி இல்லை.

"வருஷக் கடைசில மாட்ரிட் போறோம்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டோம். அந்த மணிக்கூண்டுக்குக் கீழ அதுங்களோட ஒரு தடவை நின்னுடறேன். ஜனவரில மூணு ராஜா பண்டிகை முடிஞ்சதும் நானே ஃபெர்மின்கிட்ட சொல்றேன். இப்பவே சொன்னா என்னைப் பஞ்சுல சுத்தி வீட்டுக்குள்ள வச்சுடுவான்."

முப்பத்திரண்டு வருடம் பால் லாரி ஓட்டியவர். மாட்ரிட்டுக்கு எத்தனை நூறு நடை வந்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. நகரத்தின் ஓரத்தில் பாலை இறக்கிவிட்டு அப்படியே வண்டியைத் திருப்பியிருக்கிறார். புத்தாண்டு பிறக்கும்போது நாடே பார்த்து, ஒரு மணிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு திராட்சை விழுங்கும் அந்த மணிக்கூண்டை அவரும் டிவியில் மட்டும்தான் பார்த்திருந்தார். எல்விரா சரி என்றாள். சரி என்று சொன்ன நாளிலிருந்து, சாப்பாட்டு மேஜையில் யார் இருமினாலும் கரண்டியை வைத்துவிட்டு மாமனாரைப் பார்த்தாள்.

அவள் கணக்கு இது: தாரியோவுக்கும் மாமாவுக்கும் தோலுரித்து, விதை எடுத்து, ஒவ்வொன்றையும் நான்காக நறுக்கிய பன்னிரண்டு. ஹிமேனாவுக்கு உரித்த முழுத் திராட்சை, ஏழு வயது முடிந்ததற்கான மரியாதை. தனக்கும் ஃபெர்மினுக்கும் அப்படியே கொத்திலிருந்து பிய்த்தது. ஐந்து காகிதக் கோப்பைகளில் போட்டு வாயை ஈயத்தாளால் மூடி, கோப்பைகளின் மேல் பேனாவால் பெயர் எழுதினாள். ஹிமேனா தன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் பென்சிலால் ஒரு நட்சத்திரம் போட்டுக்கொண்டாள்.

"என்ன, காலைலேர்ந்து ஆபரேஷன் நடக்குது?" என்று ஃபெர்மின் எட்டிப் பார்த்தான். "திராட்சைக்குத் தோலை உரிச்சா ருசி எங்க இருக்கும்?"

"அவளைத் தொந்தரவு பண்ணாதடா," என்றார் எலாடியோ. "போய் உன் பிள்ளையைப் பிடி. படியில இறங்கிட்டான்."

சூரோஸ் என்கிற எண்ணெய்ப் பலகாரம் விற்கும் கடையில் அவர் காபி வேண்டாம் என்று கெட்டிச் சாக்லேட் வாங்கிக்கொண்டார். இந்த வயதில் இனிப்பா என்று ஃபெர்மின் கேலி செய்தான். கெட்டியாக இருப்பதால்தான் அது அவர் தொண்டைக்கு அடங்குகிறது என்பது எல்விராவுக்கு மட்டும் தெரியும். அவர் தாடையைத் தாழ்த்தி, ஒவ்வொரு மடக்காக, பள்ளிக்கூடப் பையனைப் போலக் கவனமாக விழுங்கினார். அவரும் அவளும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

சதுக்கத்துக்குப் போகும் வழியெல்லாம் ஹிமேனா திராட்சையைப் பற்றியே பேசினாள். போன வருடம் பன்னிரண்டு மணியும் அடித்து முடிப்பதற்குள் அவளால் ஏழுதான் தின்ன முடிந்தது. பிப்ரவரியில் வீட்டு நாய் செத்துப்போனது. இரண்டையும் அவள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள்.

"இந்தத் தடவை பன்னெண்டும் முடிக்கணும்ப்பா. இல்லைன்னா யாராவது செத்துடுவாங்க."

"வாயைக் கழுவுடி," என்றாள் எல்விரா. எதற்கு இப்படி எரிந்து விழுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

நிஜமான மணி நள்ளிரவில்தான். அதற்குள் தூங்கிப்போகும் பிள்ளைகளுக்காகப் பகல் பன்னிரண்டு மணி ஒத்திகைக்குக் கூட்டி வருபவர்கள் நிறைய. கூட்டம் நெருக்கியது. காகிதத் தொப்பி, ஊதல், தள்ளுவண்டிகள், தோள்களில் பிள்ளைகள். ஃபெர்மின் தாரியோவைத் தோளில் ஏற்றிக்கொண்டான். எலாடியோ தடுப்புக் கம்பியைப் பிடித்து நின்று மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்தார்.

"டிவில பெருசா தெரிஞ்சுது," என்றார். ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

எல்விரா கோப்பைகளைப் பெயர் பார்த்துக் கொடுத்தாள். ஹிமேனா தாத்தாவின் கோட்டை இழுத்துக் காதில் ஏதோ சொன்னாள். அவர் சிரித்துத் தலையாட்டினார். அந்த நேரத்தில் தாரியோவின் தொப்பி கீழே விழ, எல்விரா குனிந்து அதைத் தேடினாள்.

முதலில் நான்கு முன்மணி. "இதுக்கு வாயைத் திறக்கக்கூடாது, எல்லாரும் இங்கதான் ஏமாறுவாங்க," என்று எலாடியோ பேத்தியிடம் சொல்வது கேட்டது. அவர் பேசி அவள் கேட்ட கடைசி வார்த்தை அதுதான்.

மணி அடிக்கத் தொடங்கியது. எல்விரா தாரியோவின் வாயையே பார்த்தாள். ஒன்று. மென்றான். இரண்டு. மூன்றாவது துண்டைத் துப்பினான். நல்லது, துப்பட்டும். ஐந்துக்கு ஹிமேனாவைப் பார்த்தாள். பெண் வெறி பிடித்தவள் போல் மென்றுகொண்டிருந்தாள். மாமாவைப் பார்க்கவில்லை. அவருக்குத்தான் நறுக்கிக் கொடுத்தாயிற்றே.

எட்டாவது மணிக்கு ஹிமேனா, "தாத்தா?" என்றாள்.

எலாடியோ சிரிப்பதாகத்தான் பக்கத்தில் நின்ற பெண் நினைத்தாள். வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை. இருமல்கூட இல்லை. முகம் கருநீலமாகிக்கொண்டிருந்தது. ஒரு கை கம்பியையும் மறு கை கோப்பையையும் விடவில்லை. ஃபெர்மின் தாரியோவை யார் கையிலோ திணித்துவிட்டு, அப்பாவைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து வயிற்றில் குத்திக் குத்தித் தூக்கினான். பன்னிரண்டாவது மணி அடித்தது. சதுக்கம் முழுக்க ஆரவாரித்தது. பின்னாலிருந்து யாரோ ஒருவன், வாழ்த்துவதாக எண்ணி, ஃபெர்மினின் முதுகில் தட்டினான்.

ஆம்புலன்ஸ் அந்தக் கூட்டத்தைப் பிளந்து வந்தபோது அவர் கால்கள் துவண்டுவிட்டிருந்தன.

ஆஸ்பத்திரியில் ஒன்றே காலுக்குச் சொன்னார்கள். ஃபெர்மின் உள்ளே போனான். காத்திருக்கும் அறையில் தாரியோ நாற்காலிகளில் படுத்துத் தூங்கினான். ஹிமேனா கோட்டைக் கழற்றவில்லை. வலது கையைப் பையிலிருந்து எடுக்கவுமில்லை.

"கையைக் காட்டு," என்றாள் எல்விரா.

பிசுபிசுத்த கை. அதற்குள் ஒரு காகிதக் கோப்பை. எல்விரா அதைத் திருப்பினாள். 'தாத்தா' என்று இருந்தது, அவள் கையெழுத்திலேயே. அடியில் நான்காக நறுக்கிய துண்டுகள், கோட்டின் நூல் ஒட்டிப் பழுப்பேறிக் கிடந்தன.

"நான்தான் கேட்டேன்," என்று ஹிமேனா கிசுகிசுத்தாள். "சின்னத் துண்டுன்னா சீக்கிரம் விழுங்கிடலாம்ல. தாத்தா, சரி மாத்திக்கலாம், அம்மாகிட்ட சொல்லாதேன்னார்."

அந்தக் கிழவர் மீது எல்விராவுக்குக் கோபம் வந்தது. செத்தவர் மீது வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"எனக்கு ஏழுதான்மா முடிஞ்சுது. இந்தத் தடவையும் ஏழு." ஹிமேனா கோட்டுப் பொத்தானைத் திருகினாள். "அதனாலதானா?"

எல்விரா மகளைப் பார்த்தாள். அவள் இன்னும் எண்ணிக்கையைத்தான் குற்றம் சொல்கிறாள். இன்னும் இரண்டு வருடமோ மூன்று வருடமோ, ஒரு நாள் சாப்பாட்டின் நடுவில், மாற்றிக்கொண்ட கோப்பை என்ன செய்தது என்பதும் புரிந்துவிடும், கை அப்படியே நின்றுபோகும்.

"ஒத்திகைக்குக் கணக்கு கிடையாது கண்ணு. நிஜ மணிக்குத்தான் கணக்கு."

"நிஜமாவா?"

"நிஜமா. கோப்பையை என்கிட்ட குடு. மாத்திக்கிட்டதை யார்கிட்டயும் சொல்லாதே. தாத்தாகிட்ட சரின்னு சொல்லியிருக்கல்ல."

கோப்பையைக் கைப்பைக்குள் வைத்து மூடும்போதே கதவு திறந்தது. இளம் டாக்டர் ஒருத்தி, கையில் எழுத ஒரு காகித அட்டையோடு. பின்னால் ஃபெர்மின். அழுதிருந்தான்.

"மன்னிக்கணும், இதைக் கேட்டாகணும்," என்றாள் டாக்டர். "திடீர்ச் சாவுன்னா கோர்ட்டுக்குக் காகிதம் போகணும். அவருக்கு விழுங்குறதுல ஏதாவது தொந்தரவு இருந்துச்சா?"

"ஒண்ணும் கிடையாது," என்றான் ஃபெர்மின். "எண்பது வருஷமா பன்னெண்டு திராட்சை தின்னவர்."

"இருந்துச்சு," என்றாள் எல்விரா.

அவள் அக்டோபரைச் சொன்னாள். பொடியைச் சொன்னாள். பஸ்ஸில் அவர் கேட்டதைச் சொன்னாள். டாக்டர் எழுதினாள். ஃபெர்மின், அறிமுகமில்லாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"ரெண்டு மாசம்," என்றான். "எங்க அப்பாவைப் பத்தி, எனக்குத் தெரியாம."

"ஆமா."

"இன்னைக்குத் திராட்சை எப்படிக் குடுத்தீங்க?" டாக்டர் தலை நிமிராமல் கேட்டாள். "நறுக்கியா, முழுசாவா?"

ஹிமேனா நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கைப்பை எல்விராவின் மடியில் இருந்தது.

"முழுசா. நான்தான் குடுத்தேன்."

பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது.

"தெரிஞ்சேவா?" என்றான் ஃபெர்மின். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "தெரிஞ்சே குடுத்தியா எல்விரா?"

நர்ஸ் வந்து கையெழுத்துக்கு அவனைக் கூப்பிட்டாள். இறந்தவரின் சாமான்கள் ஒரு பிளாஸ்டிக் பையில் தயாராக இருந்தன.

எல்விரா கழிவறைக்குப் போய்த் தாழிட்டாள். கோப்பையை எடுத்தாள். குப்பைத் தொட்டியில் போட்டால் யார் கண்ணிலாவது படும் என்று தோன்றியது. ஒவ்வொரு துண்டாக வாயில் போட்டுக்கொண்டாள். நாலு நாலாக ஐந்து திராட்சை. தாடையைத் தாழ்த்தித்தான் விழுங்க முடிந்தது. கடைசித் துண்டு நெடுநேரம் இறங்கவில்லை. பிறகு கோப்பையைப் பொடியாகக் கிழித்து, தண்ணீர் விட்டு, எல்லாம் போனதா என்று குனிந்து பார்த்தாள்.

வெளியே வந்தபோது ஃபெர்மின் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஹிமேனா அவன்மேல் சாய்ந்து உறங்கிப்போயிருந்தாள். பக்கத்தில் அப்பாவின் கடிகாரம், கண்ணாடி, பல்செட் வைத்த சிறு டப்பா, வரிசையாக. காலிப் பிளாஸ்டிக் பை தரையில் கிடந்தது. அவன் இடது கையில் எதையோ கசக்கிப் பிடித்திருந்தான். காகிதம். விரலிடுக்கில் ஒரு பச்சை நட்சத்திரத்தின் பாதி தெரிந்தது.

எல்விரா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அப்பா கைல இருந்துச்சாம்," என்றான் அவன். "விரலைப் பிரிச்சு எடுக்க வேண்டியிருந்துச்சாம்."

அவள் தூங்கும் மகளைப் பார்த்தாள்.

"இவ ஏதாவது சொன்னாளா?"

"இல்லை," என்றாள் எல்விரா.

அவன் நெடுநேரம் அவளைப் பார்த்தான். பிறகு அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டான். வெளியே எடுத்தபோது கை வெறுமையாக இருந்தது. அந்தக் கையாலேயே, தூங்கும் பெண்ணின் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டு, கடிகாரத்தையும் கண்ணாடியையும் கொஞ்சம் நகர்த்தி எல்விரா உட்கார இடம் செய்தான்.