உலர்ந்த ஓடு

"மட்டியெல்லாம் மணலைக் கக்கிடுச்சா?" அடுக்களை வாசலில் நின்றபடி தொகியே கேட்டாள்.

"கக்கிடுச்சு அண்ணி. நேத்தே உப்புத் தண்ணியில போட்டு மூடி வெச்சிட்டேன்."

"அந்தம்மா பல்லுல ஒரு மணல் கடிபடட்டும், அப்புறம் நீ சாகிற வரைக்கும் இந்த அடுப்படிதான்."

மிசாவோ மட்டிப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தாள். அப்பா அம்மா போனதிலிருந்து அவளுக்கு அண்ணன் தொராசோவின் வீடுதான். படுக்கை அரிசி மூட்டைக்குப் பக்கத்தில். வயது முப்பதைத் தாண்டியாயிற்று. இன்று பெண் பார்க்க வருகிற இசோனோ அம்மா தலையை ஆட்டினால் இந்த வீட்டைவிட்டுப் போகலாம். ஆட்டாவிட்டால் தொகியே சொன்னதுதான்.

யோசித்துத்தான் நாள் குறித்திருந்தார்கள். மூன்றாம் மாதம் மூன்றாம் தேதி, பெண்பிள்ளைகளின் பொம்மைத் திருநாள். அன்று குவானா ஊரில் எந்த வீட்டுப் பானையைத் திறந்தாலும் மட்டிச் சாறுதான். ஒரு மட்டியின் ஓட்டுக்கு அதன் மறுபாதி மட்டுமே பொருந்தும். கடலையே அள்ளிக் கொண்டுவந்து கொட்டினாலும் வேறொன்று சேராது. அந்தச் சாற்றைக் குடிக்கிற பெண்ணுக்கும் அப்படிப் பொருந்துகிற புருஷன் வருவானாம். மிசாவோவும் எத்தனையோ வசந்தமாகக் குடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"இவ குடிச்சுக் குடிச்சுக் கடலே வத்திப் போச்சு, மாப்பிள்ளைதான் வரலை" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள் தொகியே.

மட்டிகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்து, கணீரென்று கேட்டதை வைத்துக்கொண்டு, மொத்தென்று கேட்டதை ஒதுக்கினாள் மிசாவோ. கடற்பாசி ஊறிய தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, வாய் திறந்த உடனே ஒவ்வொன்றாக எடுத்தாள். இரண்டு ஓடும் சேருகிற மூட்டு அறுந்துவிடாமல், பட்டாம்பூச்சி மாதிரி விரித்துக் கிண்ணத்தில் வைத்தாள். இது அவளுக்குத் தெரிந்த வேலை.

இசோனோ அம்மா வந்தாள். படகுத்துறைக்கு அந்தப் பக்கம் அரிசி மண்டி வைத்திருக்கிற வீடு. மகனுடைய முதல் மனைவி இலையுதிர் காலத்தில் அம்மா வீட்டுக்குப் போனவள், திரும்பவில்லை.

"மகன் வரலைங்களா?" என்றான் தொராசோ.

"அவன் எதுக்கு? அரிசி வாங்க நான் வரேன், சோத்தைத் தின்ன அவன் வருவான்." சிவப்புத் துணி விரித்த படிகளில் இருந்த பொம்மைகளை நிமிர்ந்து பார்த்தாள். "ராணிக்கு மூக்குத் தேஞ்சிருக்கே."

"எங்கம்மா கல்யாணத்துக்குக் கொண்டு வந்ததுங்க" என்றாள் மிசாவோ.

"ரொம்ப நாளு அலமாரியிலயே கிடந்தா அப்படித்தான் தேயும்."

தொராசோ சிரித்தான். சிரிக்க வேண்டிய இடம் என்று நினைத்திருப்பான்.

காடி சேர்த்த சோற்றில் தாமரைத் தண்டையும் முட்டைச் சீவலையும் விலக்கிவிட்டு, மேலே தூவியிருந்த மஞ்சள் பூவை மட்டும் தின்றாள் அந்த அம்மா. "கசப்பை எடுக்கலை."

"வசந்தத்துக்குக் கொஞ்சம் கசப்பு இருக்கட்டும்னு..."

"வாயில இருக்கட்டும். வார்த்தையில வேணாம்."

பிறகு சாறு. உறிஞ்சிக் குடித்தாள். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. மட்டியை எடுத்துச் சதையைத் தின்றாள், ஓட்டைப் பிரித்தாள், அகலமான கிமோனோக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் இரண்டு ஓட்டையும் உள்ளங்கையில் சேர்த்து அழுத்தினாள். ஒன்று சறுக்கியது.

"வாய் சேரலையே" என்றாள். "வேற வேற ஓட்டை ஒட்டி வெச்சிருக்கியா? இந்த நாள்லயா?"

"ஐயோ! கவனமே கிடையாது இவளுக்கு. நான் நாயா கத்திக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று தொகியே பாய்ந்தாள்.

"நீயே பாரு" என்று ஓடுகளை மிசாவோவின் கையில் போட்டாள் இசோனோ அம்மா.

ஒன்று வெதுவெதுப்பாக இருந்தது. ஈரம் விரலில் ஒட்டியது. மற்றது சில்லென்று, எலும்பு மாதிரி உலர்ந்து கிடந்தது. அது அவள் பானையைப் பார்த்த ஓடே இல்லை.

நிமிர்ந்தாள். அந்த அம்மா அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைச் சொன்னால், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் படுக்கை. மிசாவோ நெற்றி பாயில் படக் குனிந்தாள்.

"என் தப்புதாங்க. மன்னிச்சுக்கோங்க."

இசோனோ அம்மா கிமோனோக் கையை உதறினாள். ஈரமான ஓடு ஒன்று பாயில் விழுந்தது. அதை எடுத்து, மிசாவோவின் கையிலிருந்து வாங்கிய வெதுவெதுப்பான ஓட்டோடு சேர்த்தாள். 'டக்'கென்று மூடிக்கொண்டது.

"போன மருமகளும் பொண்ணு பாத்த அன்னிக்குக் கையில வாங்கிப் பாத்தா. 'இது என் பானையில வெந்த ஓடே இல்லை, காஞ்சு கிடக்கு'ன்னா. கெட்டிக்காரி. நாலு பேருக்கு முன்னால சொன்னா. அப்பவே விட்டிருக்கணும், மகன் கேக்கலை. இப்ப அம்மா வீட்டுல கெட்டிக்காரியா இருக்கா." உலர்ந்த ஓட்டைத் துணியில் சுற்றி மடியில் செருகிக்கொண்டாள். "என் வீட்டுல நான் ஈரம்னா ஈரம், உலர்ந்ததுன்னா உலர்ந்தது. இவ சரியா வருவா. செர்ரி பூக்கறதுக்குள்ள அனுப்பிடுங்க."

தொராசோ விழுந்து கும்பிட்டான். அத்தோடு முடிந்தது.

இசோனோ அம்மா போன பிறகு தொகியே மெல்லிய காகிதத்தோடு பொம்மைப் படிகளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். நாள் தாண்டியும் பொம்மைகள் வெளியில் இருந்தால் அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணம் தள்ளிப்போகும். ஒவ்வொரு வருஷமும் பொழுது சாய்வதற்குள் எடுத்து வைத்துவிடுவாள் தொகியே. அதில் மட்டும் சோம்பலே கிடையாது.

"அண்ணி" என்றாள் மிசாவோ. "இந்த வருஷம் பொம்மை இருக்கட்டுமே. இன்னும் கொஞ்ச நாள்."

"பைத்தியமா? கல்யாணம் நின்னுடும்டி."

"அதுக்குத்தான்."

தொகியேவின் கை நின்றது. "ஓடு உலர்ந்து கிடந்தது உனக்குத் தெரியுமா?"

"தொட்டதுமே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லலை?"

"உங்ககிட்டப் பழகின வாய் அண்ணி. தப்பு என்னுதுன்னு அதுவா வந்துடுது."

தொகியே அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முகத்தில் ஏதோ வந்தது மாதிரி இருந்தது. வந்ததும் போய்விட்டது.

"நான் வளர்த்தது வீணாப் போகலை" என்றாள். ராணியை எடுத்து, தேய்ந்த மூக்கின் மேல் காகிதத்தை மடித்து வைத்தாள். "பாத்துக்கிட்டே நிக்காதே. அந்தக் கயித்தை எடு. வாய்க்கு மேல வர மாதிரி இறுக்கிக் கட்டு, இல்லேன்னா பூச்சி உள்ள போகும்."

மிசாவோ கயிற்றை எடுத்துக்கொண்டு வந்து கட்டினாள்.