மஸ்கட்டில் இருந்தவனின் ஓட்டு

கௌதம்ராஜ், வயது இருபத்தேழு, இருப்பது மஸ்கட்டில். ராஜபாளையத்துக்குக் கிழக்கே அவன் சொந்த ஊரில் வார்டு மெம்பர் தேர்தல் நடந்த அன்றும் அவன் மஸ்கட்டில்தான் இருந்தான். அவனுடைய ஓட்டு மட்டும் காலையிலேயே ஊரில் பெட்டிக்குள் விழுந்துவிட்டது.

விழவைத்தவர் சித்தப்பா கருத்தப்பாண்டி. தேர்தலில் நின்றது கௌதம்ராஜின் கூடப்பிறந்த அண்ணன் தங்கப்பாண்டியன். தம்பி ஓட்டை வீணாக்கலாமா? பூத் சிலிப்பைக் கையில் கொடுத்து, தெரிந்த ஆள் ஒருவனைச் சித்தப்பா உள்ளே அனுப்பினார். எண்ணி முடித்தபோது தங்கப்பாண்டியன் ஒரே ஓட்டில் ஜெயித்திருந்தான்.

அத்தோடு விட்டிருக்கலாம். வெளிநாட்டில் ஒருத்தன் இருக்கும்போது பிளக்ஸில் அவன் படம் இல்லாமல் எப்படி? பஸ் ஸ்டாப்பில் கூலிங் கிளாஸோடு கௌதம்ராஜ் ஆளுயரத்துக்குச் சிரித்தான். கீழே சித்தப்பா எழுதிக்கொடுத்த வாசகம்: 'ஒருநாள்கூட ஊருக்கு வராமல் மஸ்கட்டில் உழைத்தபடி வாழ்த்தும் அன்புத் தம்பி.'

தோற்றுப்போன ஐயாதுரை அதை போட்டோ எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போனார்.

வாய்தா வாய்தாவாக வழக்கு நகர்ந்தது. அதற்குள் தங்கப்பாண்டியன் மெம்பராகத் தன் வீட்டு வாசலில் ஒரு தெருவிளக்குப் போட்டுக்கொண்டான். கடைசியில் தீர்ப்பு வந்தது. ஜெயித்தது செல்லாது, மறுபடி தேர்தல் நடத்த வேண்டும்.

கௌதம்ராஜுக்குச் சோறு இறங்கவில்லை. சித்தப்பாவுக்கு போன் போட்டான்.

"சித்தப்பா, போலீஸ் கேஸ் ஆயி ஏர்போர்ட்ல என்னையப் புடிச்சிருவாகளா?"

"ஏலே, ஓட்டுப் போட்டவனையே புடிக்கல. போடாத ஒன்னைய எதுக்குப் புடிக்காக?"

"இந்தத் தடவ நானே வாரேன்."

"லீவு போட்டு வந்து என்னத்தக் கிழிக்கப்போற? போன தடவ மாதிரி நாங்களே பாத்துக்கிடுதோம். செஞ்ச தப்பு எங்களுக்கும் தெரிஞ்சுபோச்சுல்லா."

அப்பாடா என்றிருந்தது கௌதம்ராஜுக்கு. "என்ன தப்பு சித்தப்பா?"

"பிளக்ஸு. இந்தத் தடவ ஒன் படத்தப் போடல."

போனை வைத்தான். கேஸைவிடப் பெரிய சங்கதி ஒன்றை அவன் சித்தப்பாவிடம் சொல்லவில்லை. ஊரில் இருந்திருந்தால் அவன் ஐயாதுரைக்குத்தான் போட்டிருப்பான். முன்பு மெம்பராக இருந்தபோது தெருவுக்குக் குழாய் கொண்டுவந்தவர் அவர். அதன்பிறகுதான் அம்மா குடத்தோடு அடுத்த தெருவுக்கு அலைவது நின்றது. அவன் ஓட்டு யாருக்கு என்று இதுவரை வீட்டில் ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்க வேண்டியதே இல்லையே, அவர்களே போட்டுவிட்டார்களே.

மேனேஜரிடம் கெஞ்சி லீவு வாங்கினான். குடும்ப குரூப்பைத் திறந்து, பேசினால் எழுத்தாகும் பொத்தானை அமுக்கினான். பேசி அழித்து, மறுபடி பேசி, அனுப்பினான்.

"எல்லாருக்கும் சொல்லுதேன். லீவு கெடச்சிருச்சு, வாரேன். என் ஓட்ட நானே போடுதேன். யாருக்குன்னு மட்டும் கேக்காதீக. நான் வந்து சேருத வரைக்கும் தயவுசெஞ்சு யாரும் அதத் தொடாதீக."