மேல் பலகையிலிருந்து இறங்கியவன்

ஐலா சமையலறையில் தம்பியை உட்காரவைத்து, கத்தரிக்கோலோடு சுற்றிச் சுற்றி வந்தாள். வெட்டுவதற்கு அங்கே என்ன இருந்தது? காதோரமும் பிடரியும்தான். உச்சந்தலை இருபத்தாறு வயதிலேயே வழித்துத் துடைத்த தட்டாகிவிட்டது.

"டேய் ஒஸ்மோ, எங்க சுகாதார நிலையத்து டாக்டரம்மா சொன்னாங்க. சின்ன வயசுலேயே உச்சியில வழுக்கை விழுந்தவங்களுக்கு இதய நோய் கொஞ்சம் அதிகமா வருதாம். முடி கொட்டுறதால இல்ல, ரெண்டும் சேர்ந்து வருது போல. செவ்வாக்கிழமை உனக்கு நேரம் வாங்கிட்டேன்."

"வழுக்கைக்கு டாக்டர்கிட்ட போனான்னு ஊர் சிரிக்கவா? போக்கா!"

கோபமில்லை அது, பயம். அப்பாவுக்கும் இதே தலை. ஐம்பது வயதில், விறகு பிளந்துகொண்டிருந்த மனுஷன் அப்படியே சாய்ந்தார். ஒஸ்மோவுக்கு வரும் மார்ச்சில் ஐம்பது. பரிசோதனைக்குப் போகாவிட்டால் நோயும் வராது என்று நினைத்தான். அது என்ன கணக்கோ, அவனைத்தான் கேட்க வேண்டும்!

செவ்வாய்க்கிழமை அவன் போகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம். ஏரிக்கரைச் சௌனா என்ற நீராவிக் குளியலறையில் ஐலாவின் கணவன் தௌனோவும் அவனும் துணியைக் களைந்துவிட்டு மேல் பலகையில் ஏறினார்கள். அடுப்புக் கற்களில் அகப்பையால் தண்ணீர் ஊற்ற ஊற்ற ஆவி சீறியது. பதினோரு வருடமாக இருவருக்கும் போட்டி: முதலில் இறங்குபவன் தோற்றவன். தோற்றவனை ஒரு வாரம் ஓட்டோ ஓட்டென்று ஓட்டுவார்கள்.

ஐந்தாவது அகப்பையில் ஒஸ்மோவின் இடது கை கனத்தது. தாடை வலித்தது. சூடுதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

"என்ன மச்சான், மூஞ்சி வெளுத்திருக்கு? இறங்குறியா?"

"நீ இறங்கு முதல்ல! ஊத்து இன்னொண்ணு!"

ஆவி நெஞ்சில் வந்து உட்கார்ந்தது, எழுந்திருக்கவே இல்லை. அப்பாவும் சாய்ந்த அன்று காலையில் கை வலிக்கிறது என்றார். பிறகு சிரித்துவிட்டுக் கோடாலியை எடுத்தார்.

"தௌனோ, நெஞ்சு அடைக்குது. எனக்குப் பயமா இருக்குடா."

பிறந்ததிலிருந்து எந்த ஆம்பளையிடமும் அவன் சொல்லாத வார்த்தை அது. தௌனோ அகப்பையை எறிந்துவிட்டு, அக்குளில் கைகொடுத்து அவனை இறக்கினான். வெளியே துண்டைப் போர்த்திப் படுக்கவைத்து ஆம்புலன்சைக் கூப்பிட்டான்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, இதயத்துக்குப் போகும் இரத்தக்குழாய் ஒன்று கிட்டத்தட்ட அடைத்தே போயிருந்தது. அதை விரித்து உள்ளே சின்ன வலைக்குழாய் வைத்தார்கள்.

"இன்னும் கொஞ்ச நேரம் அந்தச் சூட்டுல இருந்திருந்தா கஷ்டம்தான்," என்றார் டாக்டர். "சீக்கிரமே கூட்டிட்டு வந்துட்டாங்க. மாத்திரையை விடாதீங்க, தினம் நடங்க, உப்பைக் குறைங்க. ரொம்ப நாள் இருக்கலாம்."

ஒஸ்மோ வெட்கமில்லாமல் அழுதான். "செத்துத் தொலைஞ்சிருப்பியேடா, கழுதை!" என்று திட்டிக்கொண்டே ஐலா அவன் வழுக்கைத் தலையில் முத்தமிட்டாள். பிறகு காபி வாங்கப் போனாள்.

தௌனோ நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மச்சான், உண்மையச் சொல்லவா? பதினோரு வருஷமா எனக்கு மூணாவது அகப்பைக்கே உயிர் போகும். நீ இறங்கினா நானும் இறங்கலாம்னு உட்கார்ந்திருந்தேன்."

"அடப்பாவி! நானும்தான்டா!"

ஒஸ்மோ வாய்விட்டுச் சிரித்தான். நெஞ்சு வலிக்கவில்லை.